பின்னால் தள்ளுகிறவன்

பிரெஞ்சு ஆட்சிக் காலப் புதுச்சேரியில் ‘புஷ் வண்டி’ ஓடியது. திசை திருப்பும் பிடி உட்கார்ந்திருப்பவர் கையில். பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓடுவான். கை ரிக்‌ஷாவிலாவது இழுப்பவனின் முதுகைப் பார்த்தாக வேண்டும். புஷ் வண்டியில் எதிரே பாதை மட்டும். தானே போவதான பிரமை.

கார் வாங்கியபின் இந்த வண்டியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வாங்கக் காரணம் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. முதலியார்பேட்டைக்கு ஜிப்மர் ஊரின் மறுகோடி. பஸ் படி அவள் காலுக்கு உயரம். பஸ் நிற்கும் இடம்வரை அவள் நடக்கத்தக்க ஓரமும் இல்லை. மற்ற வழிகள் அடைபட்டபின் எஞ்சியதை எடுத்துக்கொள்வதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. நிர்ப்பந்தம் என்று கைகழுவவும் முடியவில்லை. நான் காரை நிறுத்துகிற சாலையோரம் இன்னொரு முழங்கால் வலிக்காரி நடக்க வேண்டிய இடம். என் நிர்ப்பந்தம் அவளுடையதை உற்பத்தி செய்கிறது. காசிருந்தால் அவள் வீட்டிலும் கார் வரும். இல்லாவிட்டால் அவள் வீட்டோடு இருப்பாள்.

ஒரு வேகத்துக்குமேல் ஒருவன் மிச்சம் பிடிக்கும் நேரம் இன்னொருவனிடமிருந்து பறித்தது என்று இவான் இல்லிச் 1974-ல் வாதிட்டார். பறிகொடுத்தவன்தான் இன்று பின்னால் தள்ளுகிறவன். தமிழ்நாட்டில் 1973-ல் கை ரிக்‌ஷாவை ஒழித்தார்கள். மனிதனை மனிதன் இழுப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே வெட்கப்பட முடிந்தது. சாலையைக் கடக்கக் காத்து நிற்கிறவளுக்காக யார் வெட்கப்படுவது? நகர்த்த வேண்டியது மனிதர்களை, வாகனங்களை அல்ல என்று 2006-ன் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. சொன்னது சரி.

காரை விற்றால் என் மனசாட்சி சுத்தமாகும். அம்மா வீட்டோடு கிடப்பாள். எனவே தனிமனித மனசாட்சியில் இது தீராது. படி தாழ்ந்த பஸ்ஸும் நடக்க ஓரமும் வந்த பிறகும் நான் காரை எடுத்தால், அன்றுதான் அது என் தேர்வு. குற்றமென்றால் என் குற்றம். அந்தப் பொறுப்பை ஏற்கும் உரிமையைத்தான் கேட்கிறேன். ஆனால் கார் இருப்பவன் இதைக் கேட்க மறந்துவிடுகிறான் என்பதே சிக்கல். எனக்கும் மறந்துவிடுகிறது.

கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலையருகே ரயில்வே கேட். 1898-ல் தொடங்கிய ஆலை 2020-ல் மூடப்பட்டுவிட்டது. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர்கள் இல்லை. கேட் மூடியிருக்கும் நிமிஷங்களில் பஸ்ஸுக்கும் காருக்கும் ஒரே வேகம். புஷ் வண்டியில் இல்லாத ஒன்று காரில் உண்டு: பின்னால் பார்க்கிற கண்ணாடி. நிற்பவர்கள் அதில் தெரிகிறார்கள். அந்த அளவுக்கு என் சாக்கு குறைவு.

கேட் திறந்ததும் முதலில் ஹார்ன் அடிப்பவன் சில நாட்களில் நானாகவே இருக்கிறேன்.