கேட்டவர் கடன்

பழைய இசைத்தட்டு ஒன்றில் மூன்று நிமிடம் பாட்டு ஓடுகிறது. ஊசி உரசும் இரைச்சலுக்கு நடுவே, தட்டு தீர்வதற்குள் பாடி முடித்தாக வேண்டும் என்ற அவசரம் குரலில் தெரிகிறது. பாட்டு ஓய்ந்த மறுகணம், பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்கிறார். 1902 நவம்பரில், கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் வைத்த ஒலிப்பதிவுக் குழலின் முன் பாடகி கௌஹர் ஜான் அப்படித்தான் சொன்னார். அதில் பெருமிதம் இருந்திருக்கலாம். ஆனால் தேவை வேறு. மெழுகில் பதிந்த பாட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போக வேண்டும். அங்கே தட்டு அச்சடிப்பவர்களுக்கு எந்தக் குரல் யாருடையது என்று விளங்க வேண்டும். தொழிற்சாலைக்காரர் காதுக்கென்று சொன்ன அந்தப் பெயர் நூறாண்டு கடந்து நம் காதில் விழுகிறது. சரக்கு மாறிவிடாமலிருக்கச் சொன்ன சொல், ஒரு மனித உயிர் இங்கே இருந்தது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

தெற்கிலும் அப்படிக் குரல்கள் பதிந்தன. தமிழ்நாட்டின் கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் சேலத்துச் சீமையில் இறங்குகிறது. அந்தச் சேலத்தைத் தம் பெயரோடு சுமந்தவர் பாடகி கோதாவரி. தென்னாட்டுச் சங்கீதம் இசைத்தட்டில் ஏறத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே அவர் குரலும் ஏறிவிட்டது. கோயம்புத்தூர் தாயியும் அந்தத் தலைமுறைதான். இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரீஸ் தெலாஜ் தாயியின் பாட்டில் மனம் பறிகொடுத்தார். அந்தப் பாட்டின் தடத்தை அவருடைய ‘நான்கு இந்துக் கவிதைகள்’ என்ற படைப்பில் இன்றும் கேட்கலாம். பாரிஸ் வரை போய்ச் சேர்ந்த அந்தக் குரல், பிறந்த மண்ணில் ஏன் அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது?

மறதி தானாக வருவதில்லை. நாம் விட்ட வழியில் வருகிறது. சபாக்கள் வளர்ந்தன, 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது, சங்கீதத்துக்குப் புதிய மரியாதை பிறந்தது. ஆனால் அந்த மரியாதையின் வாசலிலேயே, தேவதாசி மரபில் வந்த பெண்கள் பலர் நிறுத்தப்பட்டுவிட்டார்கள். அவர்கள் பேணி வளர்த்த பாட்டை உள்ளே அழைத்தோம், அவர்களை அழைக்கவில்லை. தட்டுகள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து பழைய சாமான் கடைக்குப் போயின. சென்னை மூர் மார்க்கெட்டில் அடுக்கி வைத்து மலிவாக விற்கப்பட்டன. இழப்பு என்று நாம் பெயரிடுகிற பலவற்றின் பின்னால் இப்படியொரு தேர்வு ஒளிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மனம் கூசத்தான் செய்கிறது.

அந்தத் தட்டுகளைத் தேடி எடுத்தவர்கள் உண்டு. 1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. கௌஹர் ஜானின் வாழ்க்கையை 2010இல் நூலாக்கிய விக்ரம் சம்பத், பழைய ஒலிப்பதிவுகளுக்கென்றே ஓர் ஆவணக்காப்பகம் நிறுவினார். இன்று, செல்போன் டவர் கிடைக்கிற மேடு ஒன்றில் நின்றால் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலும் கோதாவரியைக் கேட்கலாம். ஆனால் கண்டெடுப்பது மட்டும் மீட்பாகிவிடாது. ‘என்னிடம் இருக்கிறது’ என்று சொல்லும் மகிழ்ச்சிக்கும் ‘அவர் பாடியிருக்கிறார்’ என்று உணரும் வியப்புக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. முன்னது பொருளை அடைகிறது. பின்னது மனிதரைச் சந்திக்கிறது.

இந்தத் தூரம் நமக்கு மட்டும் உரியதன்று. 1950களில் பிரிட்டனில் ஸ்கிஃபிள் என்ற இசை இளைஞர்களைப் பித்தாக்கியது. காசில்லாத பிள்ளைகள் துணி துவைக்கும் தகரப் பலகையில் தாளம் போட்டார்கள். காலித் தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கம்பை நட்டு, கயிறு கட்டி மீட்டினார்கள். ஜான் லெனன் 1956இல் தொடங்கிய குவாரிமென் குழுவும் அப்படிப்பட்ட ஒன்றே. பீட்டில்ஸ் அதிலிருந்துதான் முளைத்தது. ஸ்கிஃபிள் பாடகர் லோனி டோனகனைப் புகழேற்றிய ‘ராக் ஐலண்ட் லைன்’ பாட்டு 1934இல் அமெரிக்காவின் ஆர்கன்சா சிறைப் பண்ணையில் கறுப்பினக் கைதிகள் பாடப் பதிவானது. 1957இல் ஆங்கிலேயர் வாயெல்லாம் முணுமுணுத்த ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண் சிறுவயதில் கட்டிய பாட்டு. பின்னாளில் அவர் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுப் பெண் பெக்கி சீகர் வழியாகப் பாட்டு இங்கிலாந்து போயிற்று. அங்கே தட்டின் மேல் வேறு இருவர் பெயர் ஏறியது. காட்டனின் பெயர் திரும்பி வர வழக்கு வம்பு எல்லாம் வேண்டியிருந்தது.

தட்டின் பொருளையே சற்றுக் கையில் எடுத்துப் பார்ப்போம். பழைய இசைத்தட்டைக் கெட்டிப்படுத்தியது அரக்கு. அரக்குப்பூச்சி மரக்கிளையில் கட்டும் பிசின். சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடிகள் சேகரித்த அரக்கு உலகத்தின் குரல்களையெல்லாம் தாங்கியது. ஸ்கிஃபிள் பிள்ளைகள் மீட்டிய தேயிலைப் பெட்டிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு மலையில் இலை கொய்த பெண்களின் விரல்கள் இருந்தன. காடும் மலையும் கருவியைத் தந்தன. அந்தக் கருவி அவற்றின் பாட்டைத் திரும்பிக் கேட்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனி விலைபோகும் குரலைத் தேடியது. சாமை விதைக்கும்போதும் சாவு வீட்டிலும் பாடுகிற பாட்டுக்குச் சந்தை ஏது?

அப்படிப் பாடுகிற கல்வராயன் மலை மக்களின் உழைப்பே 1976 வரை ஜாகீர்தார்களின் கணக்கில் கூலியில்லாமல் எழுதப்பட்டிருந்தது. அவர்களின் பாட்டை எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்கள்? இருந்தும் பாட்டு அழிந்துவிடவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் அந்த மக்கள், தங்கள் தோற்றக் கதையை வாய்மொழியாகவே தலைமுறைகள் கடத்தி வந்தார்கள். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மலைப் பாட்டில் யாரும் தம் பெயரைச் சொல்லி முடிப்பதில்லை. பாட்டு ஊருக்குச் சொந்தம். பெயரில்லாமலேயே வாழ முடிந்த பாட்டுக்குப் பெயர் எதற்கு?

விடை, பாட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாடுகிறவரின் பக்கத்தில் அடுத்துப் பாடப்போகிறவர் நிற்கும்வரை பெயர் தேவைப்படாது. அங்கே உறவே பெயர். கேரளத்துத் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடி இளையவர்கள் இறங்கிப் போனபின், பேரப்பிள்ளை இல்லாத திண்ணையில் ஒரு பாட்டி பாடுவதை யாரோ செல்போனில் பிடித்து ‘மலைவாழ் மக்கள் பாடல்’ என்று தலைப்பிட்டு உலவவிடும்போது, அந்தப் பாட்டு முதன்முறையாகப் பாடியவரைப் பிரிகிறது. அந்தக் கணத்தில் அந்தப் பாட்டியின் பெயர் நம் கடனாகிறது. அவர் விரும்பினால் அதைச் சொல்ல வேண்டும். விரும்புகிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். ஓர் இனத்தின் பொதுப்பெயரைச் சூட்டிவிட்டு ஒருத்தியின் தனிப்பெயரை விழுங்குவது, ஹனோவர் தொழிற்சாலை காட்டிய அக்கறையைக்கூட நாம் காட்டவில்லை என்பதாகும்.

இன்று எல்லாவற்றையும் பதிவு செய்கிறோம். அதனால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டதாக நம்புகிறோம். ஆனால் ஒலியைக் காப்பது கருவியின் வேலை, ஒலித்தவரைக் காப்பது கேட்பவரின் வேலை என்ற பிரிவினையைக் காலம் ஒருநாளும் மாற்றியதில்லை. எந்தக் குரலும் தன் வலிமையால் மட்டும் நிலைத்ததில்லை. யாரோ ஒருவர் அதற்குத் தன்னைக் கடன்பட்டவராக எண்ணியதால் நிலைத்தது. பெற்ற இன்பத்துக்கு உரியவர் யார் என்று விசாரிக்கிற சமூகம் தன் கலையை மட்டுமல்ல, தன் நேர்மையையும் காத்துக்கொள்கிறது. விசாரிக்காமல் அனுபவிக்கிற சமூகம், எத்தனை பெட்டகங்களில் எத்தனை குரல்களைப் பூட்டி வைத்தாலும், பிறர் உழைப்பை உண்டு பசியாறியதாகவே வரலாற்றின் முன் நிற்கும்.