அடி எங்கே போகிறது?



ஒருவன் நம்மைக் கடிந்து பேசுகிறான். நாம் பதில் பேசாமல் வீட்டுக்கு வருகிறோம். வந்ததும் மனைவிமேல் எரிந்து விழுகிறோம். அவள் பிள்ளையை அடிக்கிறாள். பிள்ளை நாயை உதைக்கிறது. காலையில் நம்மேல் விழுந்த அடி மாலையில் நாயின் முதுகில் போய் முடிகிறது. நாம் பதில் பேசாமல் வந்ததைப் பொறுமை என்று சொல்லலாமா?

இக்கேள்விக்கு விடை காண ஒரு விளையாட்டுப் பொருளைப் பார்ப்போம். ரேடியோ மூலம் ஓட்டும் சிறு பந்தயக் கார்கள் உண்டு. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளவை மேடு பள்ளமான மண் பாதையில் பாய்ந்து ஓடும். 1984-ம் ஆண்டில் அவ்வகைக் கார்கள் இரண்டு வெளிவந்தன. ஜப்பானின் டாமியா கம்பெனியார், புதிதாய்ப் பழகுவோருக்கென்று குறைந்த விலையில் செய்தது 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி. அதன் சக்கரங்களைத் தாங்கியது ஸ்பிரிங் மட்டுமே, எண்ணெய் இல்லை. மேட்டில் மோதினால் பெயருக்கேற்றபடி துள்ளும். கலிபோர்னியாவில் அசோசியேட்டட் கம்பெனியார் பந்தயத்துக்கென்றே செய்த 'ஆர்.சி.10' காரிலோ, ஸ்பிரிங்கோடு எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பரும் இருந்தது.

ஸ்பிரிங் அடியை வாங்கும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எண்ணெய் அப்படியல்ல. குழாய்க்குள் பிஸ்டன் இறங்கும்போது, அதிலுள்ள சிறு துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு செல்கிறது. அந்த உராய்வில் அடியின் வேகம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது. அடி மாயமாய் மறையவில்லை. எண்ணெய் அதைத் தன் சூடாக ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் எண்ணெய் கெட்டியாக இருக்க இருக்க நல்லதா? இல்லை. மிதமிஞ்சிக் கெட்டியானால் சக்கரம் அசைய மறுக்கும். அடி நேரே வண்டியின் உடலைத் தாக்கும். ஒன்றும் உறைக்காதவன்போல் கல்லாய் இருப்பதும் பொறுமையன்று. அன்னாஸின் முன்னிலையில் சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, நம் ஆண்டவர் காரணம் கேட்டார், அடியைத் திருப்பவில்லை. ஆகவே அநியாயத்தைச் சுட்டிக்காட்டுவது பொறுமைக்கு விரோதமல்ல. அநியாயத்தைத் திருப்பிச் செய்வதே விரோதம்.

ஷாக் அப்சார்பரைப் பூட்டுகிறவர் எண்ணெயை ஊற்றியதும் மூடிவிடமாட்டார். பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, உள்ளே ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழிகள் மேலே வரும்வரை காத்திருப்பார். காற்று தங்கினால், வெளிப்பார்வைக்குத் தெரியாது, பாதையில் தெரியும். நமக்குள் அடைத்துவைத்த பழைய வன்மமும் அப்படியே. இரவில் அவசரமின்றி ஆத்தும சோதனை செய்வது அக்குமிழிகளை வெளியேற்றுவதாகும். எண்ணெயும் ஓட ஓடச் சூடேறி இளகும், அழுக்கேறும், காலாகாலத்தில் மாற்றவேண்டும். நமக்குப் பாவசங்கீர்த்தனமும் தேவநற்கருணையும் வேண்டியிருப்பது இதனாலன்றோ?

அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார் (1567–1622) சாந்தகுணத்துக்குப் பேர்போனவர். ஆயினும் சுபாவத்தில் அவர் கோபக்காரரே. நெடுநாள் போராடித்தான் அக்குணத்தை அடைந்தார். ஆதலால் 'என் சுபாவம் இப்படி' என்று நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

அடி எங்கேயாவது முடிந்தாகவேண்டும். நம் பாவங்களின் அடி சிலுவையில் சேசுநாதர்மேல் விழுந்து முடிந்தது. அவர் திருப்பித் தந்தது மன்னிப்பையே. இவ்வாரம் நம்மேல் விழும் ஓர் அடியாவது, அடுத்தவர்மேல் போகாமல், தேவ உதவியால் நம்மிடத்திலேயே முடியட்டும்.