தேயிலைச் சாயம்

முத்து என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்கிறோம். பழைய வாத்தியம் என்றால் மஞ்சள் பூத்திருக்க வேண்டும் என்கிறோம். முன்னதற்கு வயது தெரியக் கூடாது. பின்னதற்கு வயது தெரிந்தே தீர வேண்டும். இந்த இரண்டு ஆசைகளுக்கும் ஒரே மருந்துக்கடையில் சரக்குக் கிடைக்கிறது என்பதுதான் வேடிக்கை. சிப்பியிலிருந்து எடுத்த முத்தின் மங்கலைப் போக்கி வெளுப்பாக்க ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். வெயில் பட்டு மஞ்சளாகிப் போன பிளாஸ்டிக்கை மறுபடி வெள்ளையாக்குகிறவர்களும் அதே திரவத்தைத்தான் தேடிப் போகிறார்கள். புது வெள்ளையைப் பழைய மஞ்சளாக்க வேண்டும் என்றால் மருந்துக்கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. அடுக்களையில் தேயிலை இருந்தால் போதும்.

தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அப்படித்தான் செய்தார். வ.உ.சி. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை அவருக்கு; ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடற்குழுவில் கிதார் வாசிப்பார். அந்தக் கடற்கரையில் இது அதிசயமில்லை. பனிமய மாதா கோயில் மணி கேட்கும் தெருக்களில் கிதார் இல்லாத வீடு குறைவு. அவர் 8,000 ரூபாய்க்கு ஒரு மின்சாரக் கிதார் வாங்கியிருந்தார். நல்ல ஓசைதான். ஆனால் மரத்தில் கீறல் விழாமலிருக்கத் தந்திகளின் ஓரமாகப் பதித்திருக்கும் பிளாஸ்டிக் தகடும், ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களும் புதுச் சட்டைப் பொத்தான் மாதிரி பளீரென்று வெள்ளையாக இருந்தன. அதுதான் அவரை உறுத்தியது.

தகட்டைத் திருகு கழற்றி எடுத்து, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, கெட்டியான தேயிலைச் சாறில் ஊறப் போட்டார். சாறு கொதிக்கக் கூடாது. கொதித்தால் தகடு வளைந்து விடும், திருகுத் துளைகள் மரத்தோடு பொருந்தா. கை பொறுக்காத சூடு போதும். இடையிடையே எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி போட வேண்டும். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி சாயம் ஏற்பதில்லை. குமிழ் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. தகடு அடம் பிடித்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி போடும் கவலையோடு அவருடைய தாயார் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பழைய தந்தத்தின் நிறம் வந்தது. பார்த்தால் முப்பது வருஷம் யாரோ வாசித்த கருவி என்றுதான் தோன்றும்.

இதில் என்ன தவறு? ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். யோசித்துப் பார்த்தால், அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கே ஒரு வேஷம்தான். யானைத் தந்தத்துக்கு மாற்றாகத்தான் செல்லுலாயிடு 1869-இல் அமெரிக்காவில் பிறந்தது. பில்லியர்டுப் பந்து செய்வதற்காக. கிதாரின் கழுத்தில் மின்னும் புள்ளிகளில் பல, முத்துச் சிப்பியின் ஓட்டைப் போல நடிக்கும் பிளாஸ்டிக். நம் தஞ்சாவூர் வீணையிலும் தந்த வேலைப்பாடு இருந்த இடத்தில் இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக் உட்கார்ந்திருக்கிறது. யானைகளின் சார்பில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். நடிக்கிற பொருளுக்கு இன்னொரு கோட்டு அரிதாரம் பூசியதற்காக ஒரு பிள்ளையைக் கோபிப்பது, தலைக்குச் சாயம் பூசிக்கொள்கிற நம்மில் பாதிப் பேருக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி 1995-இல் ஒரு காரியம் செய்தது. புத்தம் புதிய கிதார்களைப் பட்டறையிலேயே கீறி, தேய்த்து, மஞ்சளாக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்து விற்கத் தொடங்கியது. அது பழையதல்ல, பழையதாக்கியது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். தெரிந்தே கூடுதல் பணம் கொடுத்து வாங்கினான். அதை அசட்டுத்தனம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். மோசடி என்று சொன்னால் மறுப்பேன்.

விஷயம் கனமானது எங்கே என்றால், மதுரையிலிருந்து ஒருவர் அந்தக் கிதாரை விலைக்குக் கேட்ட இடத்தில்தான். மேடைக் கச்சேரிகளில் வாசிக்கிறவர். கையில் எடுத்தார், தகட்டைத் தடவினார், "நல்ல பழைய சாமான்" என்றார், 20,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். இளைஞர் பழையது என்றும் சொல்லவில்லை, புதியது என்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலியே, அண்ணாச்சி. அவரா நினைச்சுக்கிட்டாரு."

"அவர் அப்படி நினைத்தது எதைப் பார்த்து, தம்பி?"

"நிறத்தைப் பார்த்து."

"நிறம் யார் சொன்னது?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் நாள் வேறொரு வாதத்தோடு வந்தார். அது கெட்டிக்கார வாதம். "நம்ம ஊர்ல சிப்பி ஏலம் விட்டாங்களே, உள்ளே என்ன இருக்குன்னு விக்கிறவன் சொன்னானா? வாங்குதவன் அதிர்ஷ்டம்னுதானே வித்தான்?"

அந்த ஏலத்தைப் பற்றி நான் வெகு நாள் வியந்ததுண்டு. முத்துக் குளிப்பு நடந்த காலங்களில் கரை சேர்ந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிக்கிறவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு என்று பிரிப்பது வழக்கம். சர்க்கார் தன் பங்கை ஆயிரக்கணக்கில் குவித்து, திறக்காமலே ஏலம் விடும். ஒரு குவியலில் ஆணிமுத்து அகப்படும். அடுத்ததில் நாற்றம் மட்டும் மிஞ்சும். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அந்தக் காட்சி முடிந்துவிட்டது. அதில் பணக்காரனானவனும் உண்டு, வேட்டியை உதறிக்கொண்டு போனவனும் உண்டு. ஆனால் ஏமாந்தவன் என்று ஒருவனும் கிடையாது. ஏனென்றால் மூடிய சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது விற்கிறவனுக்கும் தெரியாது. இருட்டு இரு பக்கமும் ஒரே அளவு. தேயிலைச் சாயம் ஏறிய தகட்டின் கதை அப்படியல்லவே! இங்கே ஒருவன் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவனை இருட்டில் நடக்க விடுகிறான். வாய் பேசாமலிருப்பது விளக்கை வேட்டிக்குள் மறைப்பதுதான்.

முத்து வியாபாரத்திலேயே இதற்குச் சரியான வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. ஜப்பானில் மிகிமோட்டோ 1893-இல் சிப்பிக்குள் கரு வைத்து அரை முத்து விளைவித்தார். பிறகு முழு முத்தும் வந்தது. 1921-இல் லண்டன் கடைகளில் அவை விற்பனைக்கு வந்தபோது வியாபாரிகள் அலறினார்கள். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அதைச் சோதிக்கவென்றே 1925-இல் லண்டனில் ஒரு சோதனைச்சாலை ஏற்பட்டது. அந்தச் சண்டை எப்படித் தீர்ந்தது? முத்தைத் தடை செய்து தீரவில்லை. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துத் தீர்ந்தது: வளர்ப்பு முத்து. அந்தச் சொல்லோடு விற்றால் அது நாணயமான சரக்கு. அதை விழுங்கிவிட்டு விற்றால் அதே முத்து கள்ளச் சரக்கு. நம் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் அழகர்சாமி 1973-இல் உருண்டையான வளர்ப்பு முத்தை விளைவித்தபோது நாம் பெருமைப்பட்டோம். அதைப் போலி என்று யாரும் சொல்லவில்லை.

இளைஞரிடம் இதைச் சொன்னேன். "ஒரு சொல்லுக்கு 12,000 ரூபாயா, அண்ணாச்சி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய தங்கைக்கு நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. தர்மத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மாதிரி மாதங்களை மறந்துவிட்டு எழுதுவது சுலபம். மதுரைக்காரருக்கும் அது தன் கையால் சம்பாதித்த பணம்தான் என்பதை மட்டும் சொன்னேன். போதாததற்கு, தகட்டைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவனிடம் இந்தச் சாயம் நிற்கவும் நிற்காது. உண்மையில் பழையதாய்ப் போன தகட்டில் வெயில் படாத அடிப்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். தேயிலையில் முங்கியதோ இரண்டு பக்கமும் ஒரே நிறம். ஆனால் இதை ஒரு காரணமாக அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயத்தில் வருகிற நாணயம் அடுத்த முறை சாயத்தை மேற்பக்கம் மட்டும் தடவக் கற்றுக்கொள்ளும்.

ஒரு வாரம் கழித்து மதுரைக்காரர் வந்தபோது இளைஞர் தகட்டைக் காட்டி, "இது நான் தேயிலையில ஊறப் போட்டது" என்று சொல்லிவிட்டார். வந்தவர் உரக்கச் சிரித்தார். பேரம் 11,000 ரூபாயில் முடிந்தது. கிதாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "தம்பி, என்கிட்ட சொன்னது சரி. மேடையில் யாராவது கேட்டால் நான் என் மாமா வாசித்தது என்றுதான் சொல்லப் போகிறேன், நீங்கள் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்" என்றாராம்.

அந்த மாமாவுக்கு இளைஞர் பொறுப்பாளியா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவருடைய பங்கு வாசற்படியோடு தீர்ந்தது. அதற்கு அப்பால் நடப்பது மதுரைக்காரருக்கும் அவருடைய மாமாவுக்கும் உள்ள விவகாரம். தங்கைக்குக் கட்ட வேண்டிய மீதிப் பணத்தை இளைஞர் பாடற்குழு நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கினார் என்று பிறகு தெரிந்தது.