அலிஃபும் பாய்மரமும்

திருவிடந்தைக்குத் தெற்கே மாமல்லபுரத்தில், 7ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பமொன்றில் பூனை தவமிருக்கிறது, எலிகள் சூழ்ந்திருக்கின்றன. அதைக் கண்டு சிறுவர் சிரிப்பர். பெரியோரோ அரசன் பெயரை ஒப்பிக்கச் சொல்வர். இவற்றுள் எது கல்வி?

பல்லாண்டுகளுக்கு முன், பலகையில் அலிஃப் எழுதப் பணித்தேன். ஒரு சிறுவன் அதையே பாய்மரமாக்கித் தோணி வரைந்தான். அழித்துவிட்டேன். மறுநாள் அலிஃப் மட்டுமே எழுதினான். பின்னர் அவன் வரையவே இல்லை. கூஃபி, நஸ்க் என எழுத்தையே எழிலாக்கிய மரபில் வந்த நான் செய்த பிழை அது.

கைத்திறனைப் பின்னர்ப் பயிற்றலாம். அதற்கென மாமல்லபுரத்தில் 1957இலேயே அரசு சிற்பப் பயிற்சி தொடங்கியது. ஆர்வமோ பிள்ளை தன்னுடன் கொண்டுவருவது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெற்றோரே, பிள்ளை வரைந்ததைத் திருத்துமுன், ‘இது என்ன?’ என்று அன்புடன் கேளுங்கள்.