யாருடைய கண்

ஐந்தருவியில் குளித்துக் கரையேறியதும் பெரியம்மா காய்ந்த சேலை ஒன்றை விரித்துப் பிடிப்பாள். சீசனில் உடைமாற்றும் அறைப் பக்கமே போக முடியாது. சேலையின் மறுமுனையை ஈரத்தோடு நிற்கிற யாராவது ஒரு பெண், சங்கரன்கோவிலோ கொல்லமோ, கேட்காமலே பிடித்துக்கொள்வாள். "சீக்கிரம் மாத்துட்டி" என்று இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு முனை என் கைக்கு வரும். அந்தப் பெண் மாற்றுவாள்.

2015 ஜூன் 25 அன்று ஒன்றிய அரசு பொலிவுறு நகரங்கள் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வான 100 நகரங்களில் திருநெல்வேலியும் ஒன்று. அப்போது நாங்களும் நெல்லை மாவட்டம்தான். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. 2025 மார்ச் 31 அன்று திட்டமும் முடிந்துவிட்டது. ஆனால் அதன் எண்ணங்கள் பரவப் பட்டியல் தேவைப்படவில்லை. இன்று சின்ன ஊரில் வளர்ச்சி என்று பேச்செடுத்தாலும் கேமரா, கட்டுப்பாட்டு அறை, செயலி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காரணம் கேட்டால் பெண்கள் பாதுகாப்பு.

கேமராவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சங்கிலி பறிகொடுத்தவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? ஆனால் சுளவில் பீடி சுற்றி, கட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டு இருட்டிய பின் திரும்புகிற எங்கள் தெருப் பெண்கள் கேட்பது விளக்கு. விளக்கு இருந்தால் எதிரே வருவது யாரென்று அவளுக்குத் தெரியும். கேமராவில் அவள்தான் வேறு யாருக்கோ தெரிகிறாள். இரண்டையும் ஒரே செலவுக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஒருமுறை வெளியூர்க் குளியல் துறை ஒன்றில், உடைமாற்றும் அறை வாசலைப் பார்த்தபடி கேமரா இருந்தது. "உள்ள இல்லம்மா, வாசல்லதான். உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார் காவலாளி. படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஈரத் துணியோடே பஸ் ஏறினேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் இன்னமும் தனி அறை உள்ளவர்களின் சங்கதியாகவே கேட்கிறது. ஒரே அறையில் சமைத்து, பீடி சுற்றி, பிள்ளைகளோடு படுக்கிறவளுக்குத்தான் அது அதிகம் தேவை.

பெரியம்மாவின் சேலையை நான் புனிதமாக்கவில்லை. நல்ல அறை கட்டியிருந்தால் அது எதற்கு? ஆனால் அதைப் பிடித்தவள் யாரென்று எனக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்த்தால் ஏசலாம். அடுத்து அவளும் அதே மறைப்புக்குள் வரவேண்டியவள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவரோடு எனக்கு இப்படி எந்த உறவும் இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் சட்டப்படி இருக்கிறது. கேமராவை எந்தக் கம்பத்தில், எந்தப் பக்கம் திருப்பி வைப்பதென்று வார்டுப் பெண்களைக் கூட்டிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன சாரலுக்குத் தங்கை மகளோடு போனேன். துப்பட்டாவின் ஒரு முனையை என்னிடம் தந்துவிட்டு, மாற்றுவதற்கு முன் அவள் தலையைத் தூக்கிக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.