அபிநயமும் வாக்குமூலமும்

ஆண், நாயகியாக நின்று அபிநயம் பிடிப்பது பரதத்தில் புதிதல்ல. பதம் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்கள் பலர் அப்படித்தான் செய்து காட்டினார்கள், ரசித்தோம். இந்த ரசனை தாராளமா, அல்லது பார்க்காமலிருப்பதற்கான ஓர் உபாயமா?

நவ்தேஜ் ஜோஹர் சீக்கியர். கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்று, தனதல்லாத மொழியொன்றின் விரகத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டவர். நவீன நடனங்களும் அமைத்தவர். நாயகியாக நிற்பவனை மேடை 'நீ யார்' என்று கேட்பதில்லை. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 1860ம் வருஷத்துச் சட்டத்தின் 377வது பிரிவை எதிர்த்து, 2016ல் நால்வரோடு அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அங்கே அபிநயம் செல்லாது. பெயர் சொல்லியாக வேண்டும். 2018 செப்டம்பரில் தீர்ப்பு சாதகமாயிற்று.

வாக்குமூலம் உடம்பைச் சுருக்கிவிடுகிறது என்பார்கள் கலைவாதிகள். சுருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெயரற்ற அந்தச் செழுமையை அனுபவித்த சபை, ஆட்டம் முடிந்ததும் ஆடியவனைச் சட்டத்திடம் விட்டுவிட்டுத்தானே வீட்டுக்குப் போயிற்று?