மறந்தவர் கற்கும் பாடம்

கற்றதை நினைவில் வைத்திருப்பவனே கற்றவன் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட கொள்கை. பரீட்சை முறை முழுவதும் அதன்மீதே நிற்கின்றது. ஆனால், காலையில் தமக்குப் பல் துலக்கக் கற்றுத்தந்தவரை மாலையில் அடையாளங் காணாத ஒருவர், சில வாரங்களின்பின் தாமாகவே தூரிகையை எடுத்துப் பல் துலக்குவாராயின், அவரைக் கற்றவர் என்போமா, அல்லர் என்போமா?

இது வெறுங் கற்பனையன்று. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்னும் 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோயின் பொருட்டு மூளையிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்கவில்லை. பிறெண்டா மில்னர் என்ற உளவியலறிஞர், கண்ணாடியிற் பார்த்தபடியே நட்சத்திர உருவொன்றை வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். மூன்று நாட்களில் அவர் கை தேர்ந்தது. அதனை முன்னர் செய்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை. நிகழ்ச்சியை நினைத்தல் வேறு, செயலிற் பழகுதல் வேறு என்பது இதனாற் புலனாயிற்று.

பின்வந்த பயிற்சி முறையொன்று ஆசிரியராகிய எமக்குச் சற்றே சங்கடந் தருவது. மாணவன் பிழைவிட்டுத் திருந்தட்டும் என்பது எமது வழக்கம். பிழையைப் பிழையென நினைவிற் கொள்ள இயலாதவருக்கோ அப்பிழையே பழக்கமாகிவிடும். 1994இல் படெலியும் வில்சனும் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று. ஆகவே அவரை ஊகிக்க விடலாகாது. துவாயும் சவர்க்காரமும் நாள்தோறும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். செயலின் ஒழுங்கும் சொல்லுஞ் சொற்களும் மாறக்கூடாது. முதலிற் கையைப் பிடித்து, பின்னர் தொட்டுக்காட்டி, பின்னர் அருகில் நின்று, உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும்.

இது மனிதரை விலங்குபோற் பழக்குவதாகாதா என்று கேட்பாருளர். நாமும் அவ்வாறு எண்ணியதுண்டு. ஆயினும், சட்டைப் பொத்தானைப் பூட்டும்போது அதனைக் கற்ற நாளை எம்மில் எவர் நினைக்கின்றோம்? பிறர் கையால் உடல் கழுவப்படும்போது எழும் கூச்சம் நினைவிழந்தவருக்கும் உண்டு. இழிவு அங்கேயே இருக்கின்றது, பழக்கத்தில் அன்று.

ஆனால், அவர் தாமே பொத்தானைப் பூட்டும்வரை காத்திருக்க நேரம் வேண்டும். நாமே பூட்டிவிட்டால் வேலை நொடியில் முடியும். பராமரிப்பு இல்லங்களிற் குறைந்த கூலிக்கு உழைக்கும் பெண், ஒரு காலைப்பொழுதிற் பலரைக் கழுவி உடுத்தியாக வேண்டும். வீட்டிலோ இவ்வேலை மனைவிமீதோ மகள்மீதோ கூலியின்றி விழுகின்றது. அவளுக்குப் பொறுமை போதாது என்று குறைகூறும் உறவினர், அவள் வேலைக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதில்லை.